மேலிருந்து இரண்டாவது சீட்டு

எங்கள் டாம்ஹாகன் பண்ணையில் தேர்தல் என்றால் எஜமானின் சுருட்டுப் பெட்டி மேசைக்கு வரும். ஸ்டோல்ப் நகரத்தில் பூட்டுப் போட்ட பெரிய பெட்டி வைப்பார்களாம். ஐம்பத்தெட்டு ஓட்டுக்கு அது எதற்கு என்பார் எஜமான். அவர் கொடுப்பது ஆழமான, ஒடுக்கமான மரப்பெட்டி. நாலாக மடித்த வாக்குச் சீட்டு அதற்குள் அச்சாகப் பொருந்தும். ஒன்றின் மேல் ஒன்றாக, கலையாமல் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி என்பது எனக்கு அப்போது தெரியாது.

எஜமான் எவால்ட் ஃபொன் ராம்லிட்ஸ் பதிமூன்று வருடமாக பெர்லின் பாராளுமன்றத்தில் எங்கள் ஜில்லாவின் உறுப்பினர். பனிக்காலம் முழுவதும் அங்கே தங்கி, ரஷ்யாவிலிருந்து வரும் தானியத்துக்கு இன்னும் வரி போடுங்கள் என்று பேசுவார். திரும்பி வந்ததும் மாளிகையில் உள்ள எல்லாவற்றையும் எண்ணுவார். முட்டை, மெழுகுவர்த்தி, குளத்து வாத்து, தன் தம்பியின் தட்டில் இருக்கும் சர்க்கரைக் கட்டி. எந்தக் கதவையும் தட்டாமல் திடீரென்று திறப்பார். தன் சொந்த அறைக் கதவையும் அப்படித்தான் திறப்பார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் வருடக் கலகத்தில் அவருடைய அப்பா பனிக்கட்டிக் கிடங்கில் ஒளிந்திருந்தாராம். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். குடியானவர்கள் கிழவரைச் சட்டையோடு இழுத்து வந்து குளத்தில் முக்கி எடுத்தார்கள். எஜமானுக்கு அப்போது எட்டு வயது. காட்டிக்கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. "அதுலேர்ந்துதான் அவருக்கு ஒண்ணு தெரியலைன்னா சோறு இறங்காது" என்பாள் சமையல்கார வில்மாக்கா.

நான் மாளிகையில் துணி தேய்ப்பவள். காலையில் எஜமானின் அறை அடுப்பையும் மூட்டுவேன். பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வாத்தியார் ஹோப்பே கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் என் வாய் திறக்காது. "என்னடி ட்ரீனா, வாயில கொழுக்கட்டையா?" என்று வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகாமல் நின்றுவிட்டேன். யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. என் அப்பா ஆகஸ்ட் மான்ஸ்கே எஜமானின் சாரட்டு ஓட்டுபவர். பத்தொன்பது வருட வேலை. லாயத்தை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறை, ஒரு மாட்டுக் கொட்டில், நாலு வரிசை உருளைக்கிழங்கு நிலம். எல்லாம் பண்ணையுடையது. வேலை போனால் அதுவும் போகும்.

அந்த அக்டோபர் தேர்தலிலும் வேட்பாளர் எஜமான்தான், ஓட்டுச்சாவடித் தலைவரும் எஜமான்தான். எதிரே நின்றவர் ஸ்டெட்டின் நகரத்து வக்கீல் ஒருவர். அவரை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. காரியஸ்தர் ட்ரேவ்ஸ் வாசலில் நின்று எஜமான் பெயர் அச்சடித்த சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். வாங்கியவர் அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். சட்டத்தில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான்.

காலை பத்து மணிக்கு முதல் ஓட்டை எஜமான் போட்டார். இரண்டாவது அவருடைய தம்பி, கேப்டன் ஈகோன். பிறகு பாதிரியார், காரியஸ்தர், வாத்தியார் என்று வரிசை மெல்லக் கீழே இறங்கியது. அப்பா நாள் முழுக்கத் தூரத்து ஆட்டுப்பட்டியில் இருக்கும் கிழவர்களைச் சாரட்டில் ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருந்ததால் கடைசிக்கு முந்தித்தான் அவருக்கு ஓட்டுப் போட நேரம் கிடைத்தது. அவருக்குப் பின்னால் இரவுக் காவல்காரர் காஷ் மட்டும். வாத்தியார் ஹோப்பே யார் யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்று பட்டியலில் குறித்துக்கொண்டே இருந்தார்.

ஆறு மணிக்குக் காப்பித் தட்டோடு நான் உள்ளே போனேன். பாதிரியார் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எஜமான் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி, முற்றத்தில் யார் யார் கூடி நின்று என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பெட்டிக்குள் விரலை விட்டார். சீட்டுகள் நெருக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றன. அவர் பெட்டியை அப்படியே மேசைமேல் கவிழ்த்து, பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். அச்சிலிருந்து வெண்ணெய் விழுவதுபோல் சீட்டுக்கட்டு முழுசாக இறங்கி நின்றது. அவர் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் பிறகுதான் எஜமான் திரும்பினார்.

மேலிருந்து முதல் சீட்டைப் பிரித்தார்கள். ராம்லிட்ஸ். இரண்டாவதைப் பிரித்த வாத்தியார் அதைப் படிக்காமல் எஜமான் பக்கம் தள்ளினார். எஜமான் எட்டிப் பார்த்து அவரே படித்தார். ஸ்டெட்டின் வக்கீலின் பெயர். மீதி ஐம்பத்தாறும் ராம்லிட்ஸ்.

எஜமான் காப்பியில் இரண்டு கட்டிச் சர்க்கரை போட்டார். அப்புறம் இன்னும் இரண்டு போட்டார்.

மறுநாள் காலையில் நான் எஜமான் அறையில் அடுப்பின் முன் முட்டி போட்டுச் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். காரியஸ்தர் வந்தார். நான் இருப்பதை இருவரும் கவனிக்கவில்லை. நான் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

"ட்ரேவ்ஸ், கொஞ்சம் மூளையை உபயோகிச்சுப் பாரும்" என்றார் எஜமான். "பெட்டியில மேல இருக்கிற சீட்டு யாரோடது?"

"கடைசியாப் போட்டவனோடது, எசமான்."

"கடைசியாப் போட்டவன்?"

"காவல்கார காஷ்."

"அவனுக்குக் காதே கேக்காது, அரசியல் எங்கேர்ந்து கேக்கும்? அது ராம்லிட்ஸ்னு வந்திடுச்சு. அதுக்குக் கீழ ரெண்டாவது?"

காரியஸ்தர் பட்டியலில் விரலை ஓட்டினார். "வண்டிக்கார மான்ஸ்கே." பிறகு மெல்ல விசிலடித்தார். "அட பாவி. பத்தொன்பது வருஷமா நம்ம முதுகைப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கான்."

"என் முதுகை இல்லய்யா. அவன் முதுகைத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன். முதுகைப் பாத்து என்னய்யா தெரியுது?" எஜமான் பட்டியலை மடித்தார். "ஓட்டுக்காகன்னு வெளியில வரக் கூடாது. பெர்லின்ல எதிர்க்கட்சிக்காரன் கத்துவான். குதிரைக்கு லாடம் சரியா கட்டலைன்னு சொல்லும். மார்ட்டின் திருநாளுக்கு வீட்டைக் காலி பண்ணட்டும்."

மார்ட்டின் திருநாளுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பக்கத்தில் வேலையாட்கள் பண்ணை மாறுவது. குளிர் தொடங்கிவிடும். வேறு பண்ணையில் எல்லாம் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். நான் சாம்பல் வாளியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாளி சாய்ந்து பாதிச் சாம்பல் நடையில் கொட்டியது.

அப்பாவுக்கு வேலை போன செய்தி மத்தியானத்துக்குள் சமையலறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"உங்கப்பா பலே ஆளுடி" என்றாள் வில்மாக்கா, முட்டைக்கோஸை வெட்டிக்கொண்டே. "பாத்தா பசு மாதிரி இருக்காரு. உள்ளுக்குள்ள வக்கீலுக்கு ஓட்டுப் போடறாரு."

"லாடம்னுதானே சொன்னாங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லாடமாம்! நெருப்பில்லாம புகையுமா? எனக்கு என்ன வருத்தம்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் யாருகிட்டடி சொல்லப் போறேன்?" அவள் அதைச் சொன்னபோது பாத்திரம் கழுவுபவளும் தோட்டக்காரன் மனைவியும் காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் அம்மா அடுப்பங்கரையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். அப்பா பூட்ஸைக் கழற்றிக் காயவைத்தார்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போட்டீங்களா இல்லையா?"

"ஓட்டு ரகசியம்னு சட்டம் சொல்லுது."

"நான் பொண்டாட்டிங்க, பாராளுமன்றம் இல்லை!"

"இன்னிக்கு 'நான் போடலை'ன்னு உங்கிட்ட சொல்லுவேன். நாளைக்குக் காரியஸ்தர் கேப்பான், அவன்கிட்ட சொல்லணும். அப்புறம் தெருவுல போறவன் எல்லாம் கேப்பான். ஒரு தடவை பதில் சொல்லிட்டா அப்புறம் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கணும். சொல்ல மாட்டேன்."

"வீடு போகுதுங்க."

"போகட்டும்" என்றார் அப்பா. ஆனால் ரொட்டியைப் பிட்ட கை தட்டுக்கு வராமல் நடுவிலேயே நின்றது.

எனக்கும் சந்தேகம் வந்தது. கோடையில் ஸ்டோல்ப் சந்தையிலிருந்து அவர் மீன் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எறியாமல் லாயத்தில் வைத்திருந்தார். சாரட்டில் எஜமானும் விருந்தாளிகளும் பேசுவது எல்லாம் அவர் காதில் விழும். முதுகைப் பார்த்து என்ன தெரியும்? அன்று முழுக்க நான் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து மேசைத் துணிகளைத் தேய்த்தேன். முதல் துணியைக் கொஞ்சம் கருக்கிவிட்டேன். கண்ணில் படாமல் இருக்க அதை அடியில் வைத்து, மற்றதை எல்லாம் அதன் மேல் அடுக்கினேன். அடுக்கை அலமாரிக்குக் கொண்டுபோய் இழுப்பறைக்குள் அப்படியே கவிழ்த்தேன். கருகிய துணி எல்லாவற்றுக்கும் மேலே பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாத்தியார் பெட்டியைக் கவிழ்த்தாரே. மேலே வந்தது கடைசிச் சீட்டு இல்லை. முதல் சீட்டு. எஜமானுடையது. அதற்கு அடுத்தது கேப்டன் ஈகோனுடையது.

கவிழ்த்தது தெரிந்தவர்கள் வாத்தியாரும் நானும்தான். எஜமான் வரிசையை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது வாத்தியாருக்குத் தெரியாது. எஜமான் அதைக் காரியஸ்தரிடம் மட்டும்தான் சொன்னார். இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நேரே எஜமானிடம் போக எனக்குத் தைரியமில்லை. போனாலும் எப்படிச் சொல்வது? உங்கள் கூடப் பிறந்தவர் என்றா? கேப்டன் நல்ல மாதிரி. மாடி அறையில் செத்த பறவைகளைப் பாடம் பண்ணிக்கொண்டு கிடப்பார். வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விஷயம் தெரிந்தால் அவரே அண்ணனிடம் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். தேய்த்த சட்டைகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அவர் ஒரு மீன்கொத்தியின் வயிற்றில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். நான் சட்டையை வைத்துவிட்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன ட்ரீனா?"

"பெட்டியக் கவுத்தாங்க, ஐயா" என்றேன். "அன்னிக்கு. ரெண்டாவது சீட்டு... மேலேர்ந்து ரெண்டாவது... அது அடியிலேர்ந்து ரெண்டாவது."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் பஞ்சைவிட வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

"யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் இல்லை."

"முப்பது வருஷமா அவன் மேசையில சாப்பிடறேன். என் சர்க்கரைக் கட்டிய எண்ணறான். எனக்கு வர்ற கடிதத்தை எனக்கு முன்னால படிக்கிறான். ஒரு தடவை, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, அவனுக்குத் தெரியாம ஒண்ணு செய்யணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஸ்டோல்ப்ல யாரோ கொடுத்த சீட்டைச் சட்டைக்கையில ஒளிச்சு வெச்சு மாத்திப் போட்டேன். வக்கீல் யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"எங்க வீடு போகுது, ஐயா."

அவர் மீன்கொத்தியைக் கையில் எடுத்து அதன் இறகைச் சரி செய்தார். "உங்கப்பாவுக்குக் கை இருக்கு, கால் இருக்கு, குதிரை தெரியும். எந்த லாயத்துலயும் வேலை கிடைக்கும். நான் எங்கே போவேன்? ஐம்பது வயசுல பறவைக்குப் பஞ்சு அடைக்கறவனை யார் வெச்சுப்பாங்க, சொல்லு?" பிறகு, குரலைத் தாழ்த்தி, "நீ பாவம், பேசாத பொண்ணு. பேசாமயே இருந்துடு. அதுதான் உனக்கு அழகு" என்றார்.

மாடிப்படி இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. இறங்கியதும் சமையலறைப் பக்கம் திரும்பாமல் எஜமான் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அந்த நேரத்தில் அவர் அறைக் கதவை யாரும் தட்டுவதில்லை. "யாரு?" என்ற குரலில் பயம் இருந்தது.

சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. ஆரம்பித்தேன், நிறுத்தினேன், திரும்ப ஆரம்பித்தேன். எஜமான் குறுக்கே பேசவில்லை. சுருட்டுப் பெட்டியைக் காலி செய்து, தன் பெயர் அச்சடித்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி, ஒன்று, இரண்டு என்று வரிசையாக உள்ளே போட்டார். கவிழ்த்தார். பின்பக்கம் தட்டினார். மேலே ஒன்று. அதன் கீழே இரண்டு.

பட்டியலை எடுத்து மேலிருந்து இரண்டாவது வரியைப் பார்த்தார். நான் பெயரைச் சொல்லவே இல்லை.

"உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்லை, எசமான். அவருக்குத் தெரியாது."

"ஹோப்பே வேணும்னு கவுத்தானா?"

"சீட்டு வரலை, அதான்..."

"நான் எங்கே இருந்தேன்?"

"ஜன்னல்கிட்ட. வெளியில யாரு நிக்கறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் போகலாம் என்று திரும்பியபோது, "உனக்கு விஷயம் தெரியும்னு மாடியில இருக்கறவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு நேரமில்லை. தலையை ஆட்டினேன்.

"என்ன சொன்னான்?"

சொன்னேன். சர்க்கரைக் கட்டி, கடிதம், ஒரே ஒரு தடவை, பறவைக்குப் பஞ்சு. எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் ஒரு வரி வராத எனக்கு அன்று அது தடையில்லாமல் வந்தது. முடித்த பிறகுதான் எஜமான் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வார்த்தை மாறாம சொல்றியே."

அவர் எண் எழுதிய அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"இது வெளியில போனா, 'ராம்லிட்ஸுக்கு அவன் தம்பியே ஓட்டுப் போடலை'ன்னு பெர்லின் முழுக்கச் சிரிக்கும். அதனால இது வெளியில போகாது. ஓட்டுப் போட்டது யாருன்னு தெரியலை, அவ்வளவுதான். உங்கப்பன் வேலையில இருப்பான். வீட்டுல இருப்பான். சரியா?"

"சரி, எசமான்."

"நாளையிலேர்ந்து கேப்டன் அறைக்கு நீயே போ. சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் நீயே பாரு. சமையலறையிலயும் கொஞ்ச நேரம் உக்காரு. உன்னைப் பாத்து யாரும் வாயை மூடிக்க மாட்டாங்க. அப்புறம் இங்க வந்து அடுப்பு மூட்டு. நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயாச் சொல்லுவே."

மார்ட்டின் திருநாளுக்கு அப்போது பத்து நாள் இருந்தது. கொட்டிலில் மாடு சினையாக இருந்தது. "சரி, எசமான்" என்றேன்.

திருநாளுக்கு முந்தின நாள் காரியஸ்தர் லாயத்துக்கு வந்து, லாடம் விஷயம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, மான்ஸ்கே தொடர்ந்து இருக்கலாம் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே காரணம் தெரியாமல் முகம் கோணியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரில் மட்டும் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. வக்கீலுக்கு ஓட்டுப் போட்டவனை எஜமான் ஏன் விட்டார்? சும்மா விடுகிற ஆளா அவர்?

தோட்டக்காரன் மனைவி நான் எஜமான் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருந்தாள். அன்று போன நான் உள்ளே அரைமணி நேரம் இருந்தேன், அடுப்பு மூட்ட அரைமணி நேரமா என்று அவள் கணக்குப் போட்டாள். காரியஸ்தர் வந்துபோன சாயங்காலமே வில்மாக்கா நான் சமையலறைக்குள் நுழைந்ததும் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"வாம்மா ட்ரீனா, உக்காரு. நாங்க உப்பைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம். இந்தத் தடவை உப்பு நல்ல உப்பு. எழுதிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு. ஆனால் இப்போது சிரித்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருநாளன்று விருந்துக்கு அறுத்த வாத்துகள் மாளிகைக்குப் போயின. எங்களுக்கு வழக்கம்போல் இரத்தமும் கழுத்தும் இறக்கையும் வந்தன. அம்மா உலர்ந்த பேரிக்காய் போட்டுப் புளிப்பாகச் சூப்பு வைத்திருந்தாள். நான் வாசலில் பூட்ஸ் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். பேச்சு நின்றது.

நான் உட்கார்ந்தேன். அம்மா மூவருக்கும் ஊற்றினாள்.  இந்த வீட்டுக்காகத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அப்பா தட்டை முடித்துவிட்டு ரொட்டித் துண்டால் துடைத்தார்.

"நாளைக்கும் எசமான் அறைக்கு அடுப்பு மூட்டப் போவே இல்லை?"

"போவேன்பா."

"அப்ப இதையும் சொல்லிடு. நான் அவருக்குத்தான் போட்டேன். ஆறு தேர்தல்லயும் அவருக்குத்தான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பதின்மூன்று நாள் அவள் கெஞ்சிக் கேட்டும் சொல்லாத பதில் அது. அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அடுப்பை மூட்டினேன். எஜமான் மேசையில் கடிதம் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டனுக்கு வந்த கடிதம்தான். கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இதையாவது சொன்னால் அப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் மிச்சச் சந்தேகமும் போய்விடும் என்று நினைத்தேன்.

"எசமான், எங்கப்பா உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். ஆறு தடவையும்."

எஜமான் கடிதத்தைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என்னை மெதுவாக ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா சொன்னான்?" என்றார். "யாரும் கேக்காதப்போ அதை ஏன் சொல்றான்?"